மெமரி கிளியர் பண்ணியாச்சா?

டாலஸ் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் மூன்று இடங்களில் ஒன்றில் வந்து நிற்கும். கிரீன் கார்டு, இட்லி மாவு ஏன் பொங்கவில்லை, பிள்ளைகளின் கணக்குப் பரீட்சை. போன மாதம் ஒரு பாட்லக்கில் மூன்றாவது. திருச்சிக்கார நண்பர் ஒருவர் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார். "பரீட்சைக்கு முன்னால கால்குலேட்டர் மெமரியை அழிச்சுடறாங்களாம் சார். பையன் ஆறு மாசமா எழுதி வச்சிருந்த புரோகிராம் எல்லாம் போச்சுன்னு ஒரே புலம்பல். உழைச்சது போச்சேன்னு புலம்பறானா, இல்ல பிட்டு போச்சேன்னு புலம்பறானா? எனக்கு நெஜமாவே புரியல."

நல்ல கேள்வி. பதில் சொல்ல ஆரம்பித்து என் தட்டில் இருந்த பிரியாணி ஆறிப்போனதுதான் மிச்சம். அங்கே சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

அமெரிக்காவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இங்கே எட்டாம் வகுப்பு வாக்கில் பிள்ளைகளின் கைக்கு கிராஃபிங் கால்குலேட்டர் வந்துவிடும். பார்க்க பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரி தடியாக இருக்கும். திரையில் வரைபடம் போடும். பெரும்பாலும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியுடையது. டிஐ என்றால் எல்லாருக்கும் தெரியும். (தலைமையகம் நம்ம டாலஸில்தான்.) அதற்குள் ஒரு குட்டி பேசிக் மொழி இருக்கிறது. இருபடிச் சமன்பாட்டின் மூன்று எண்களைக் கொடுத்தால் விடை சொல்லும் புரோகிராமை பதின்மூன்று வயதுப் பிள்ளை கால் மணி நேரத்தில் எழுதிவிடும். அதே இடத்தில் சூத்திரங்களை வெறும் குறிப்பாகவும் தட்டி வைத்துக்கொள்ளலாம். டெட்ரிஸ் விளையாட்டும் வைத்துக்கொள்ளலாம். இயந்திரத்துக்கு மூன்றும் ஒன்றுதான். தேர்வு மேற்பார்வையாளருக்கும் நேரமில்லாத காரணத்தால் மூன்றும் ஒன்றுதான். வரிசையாக வந்து நாலு பொத்தானை அழுத்துவார், எல்லாம் காலி.

இது ஏதோ அமெரிக்கப் பிள்ளைகளின் நவீனப் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊரில் இது ரப்பர் வடிவத்தில் இருந்தது.

எனக்கு ஊர் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போனபோது, தமிழர்கள் கேட்டும் கிடைக்காத நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. (அது தனிப்பதிவு. எழுதினால் பின்னூட்டத்தில் அடிதடி நடக்கும்.) இங்கே வேண்டியது இவ்வளவுதான்: வீட்டில் தமிழ், சந்தையில் மலையாளம், காலேஜில் இங்கிலீஷ். தமிழ்ப் புத்தகத்தில் மடக்கை என்று படித்தது, பிரீடிகிரிக்குப் போனதும் லாகரிதம் ஆகிவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் எங்களிடம் கால்குலேட்டர் கிடையாது. கிளார்க்ஸ் டேபிள் என்று ஒரு மெலிந்த புத்தகம் உண்டு. மடக்கை, எதிர்மடக்கை, சைன், கொசைன் எல்லாம் வரிசை வரிசையாக அச்சடித்திருக்கும். பரீட்சை அறைக்குள் அனுமதிக்கப்பட்ட ஒரே புத்தகம் அதுதான். அப்படியானால் அதன் ஓரங்களில் என்ன இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டுப் புத்தகம் மூத்த அண்ணன் வாங்கியது. என் கைக்கு வரும்போது நான் நாலாவது ஆள். மூன்று பேருடைய பென்சில் எழுத்து அதில் அடுக்கடுக்காக இருந்தது. நேர்விகித மாறிலி ஒரு மூலையில், லென்ஸ் சூத்திரம் இன்னொரு மூலையில்.

மேற்பார்வைக்கு வரும் சார் (எங்கள் பக்கம் பெண் ஆசிரியரையும் சார் என்றுதான் கூப்பிடுவோம்) ஒவ்வொருவருடைய புத்தகத்தையும் வாங்கி ஒரு முறை விரலால் ஓட்டிப் பார்ப்பார். பிறகு ஒரு ரப்பரை நீட்டி, "இதெல்லாம் மாய்ச்சுட்டு இரு மக்களே" என்பார். பாதி மலையாளம், பாதி தமிழ், கோபம் கொஞ்சம்கூட இல்லை. நாங்களும் உட்கார்ந்து அழிப்போம். பென்சில் போகும். ஆனால் அழுத்தி எழுதிய எழுத்தின் பள்ளம் போகாது. புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மூத்த அண்ணனின் கையெழுத்து அப்படியே தெரியும். மேலே உள்ளதை அழித்தாலும் அடியில் உள்ளது நிற்கும் என்ற ஏற்பாட்டை டிஐ கம்பெனி பின்னால்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு இன்னும் வருகிறேன்.

எங்கள் குடும்பத்தில் முதல் புரோகிராம் எழுதியவர் என் மாமா மகன். அவருடைய அப்பா குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கேசியோ எஃப்எக்ஸ்-3600பி ஒன்றை வாங்கி வந்தார். அதில் மொத்தம் 38 படிகள் புரோகிராம் எழுதலாம். முப்பத்தெட்டே முப்பத்தெட்டு. பொத்தானை அழுத்திய வரிசையை அது ஞாபகம் வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். என்ஜினியரிங் தேர்வுகளில் புரோகிராம் எழுதக்கூடிய கால்குலேட்டருக்கு நம் நாட்டில் பொதுவாகத் தடை. அது தெரிந்த ஒரு மேற்பார்வையாளர் என்ன செய்தார் என்றால், கால்குலேட்டரை வெளியே அனுப்பவில்லை; பின்மூடியைக் கழற்றி பேட்டரியை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேள்வித்தாள் கொடுத்து முடித்தபின் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் 38 படியும் ஆவி.

மாமா மகனுக்கு இதில் வருத்தமே இல்லை. எல்லாப் படிகளையும் ஒரு கோடு போட்ட நோட்டில் வரிசை எண் போட்டு எழுதி வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நிமிஷத்தில் மறுபடி ஏற்றிவிட்டார். அந்த நோட்டை நானும் பார்த்திருக்கிறேன். நான் பார்த்த முதல் பேக்கப் அதுதான், பேர் மட்டும் அப்போது தெரியாது.

இன்னும் பின்னால் போனால் இயந்திரமும் இல்லை, புத்தகமும் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி. ஒன்று, இரண்டு வாய்பாடு மட்டுமல்ல. மா என்றால் 20-இல் ஒரு பங்கு, காணி என்றால் 80-இல் ஒரு பங்கு, முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. இந்தப் பின்னங்களின் வாய்பாடு முழுவதையும் பிள்ளைகள் தினம் உரக்கச் சொல்லித் தலைக்குள் ஏற்றினார்கள். நிலம் அளக்கவும் நெல் அளக்கவும் அதுதான் கருவி. அங்கே "மெமரியை அழித்துவிட்டு உள்ளே வா" என்று யாரும் சொல்ல முடியாது. பரீட்சையே மெமரிக்குத்தான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை புதுச்சேரியில் நடந்தது. ஜான் வாரன் என்ற ஐரோப்பியர், ஒரு காலத்தில் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்தவர், நம் பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றி 'காலசங்கலித' என்ற பெரிய புத்தகத்தை 1825-ல் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் இருந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் சந்திர கிரகணத்தைக் கணக்கிடுவதை அவர் கூடவே இருந்து பார்த்திருக்கிறார். காகிதம் இல்லை, பேனா இல்லை. தரையில் சோழிகளை நகர்த்தி நகர்த்தி வைக்கிறார். தேவையான அட்டவணை எண்கள் எல்லாம் சொற்களாக, அசைகளாக மனப்பாடம். 1825 மே 31, ஜூன் 1 நள்ளிரவை ஒட்டி வந்த கிரகணத்துக்கு அந்த முறை தந்த விடையில், தொடக்கத்துக்கு 4 நிமிடம்தான் பிழை. நடுவுக்கு 23 நிமிடம், முடிவுக்கு 52 நிமிடம். சோழிக்கு இது மோசமில்லை!

அந்த மனப்பாடத்துக்குப் பின்னால் இருப்பது கடபயாதி முறை. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண். எண்களை வரிசையாகச் சொன்னால் மறந்துபோகும், பொருள் தரும் வாக்கியமாகச் சொன்னால் மறக்காது. சந்திரனின் நிலைக்கு மட்டும் 248 வாக்கியங்கள். வரருசி பேரில் வழங்குபவை. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கணக்கர்கள் பல நூறு வருஷம் இதை வைத்துத்தான் நாள் குறித்தார்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் பேரே அந்த வாக்கியங்களால் வந்தது. சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச்சில், வாக்கியப்படி ஏறக்குறைய ஒரு வருஷம் தள்ளி 2026-ல் என்று போனில் அம்மாவும் மாமியாரும் மோதிக்கொண்டார்களே, அந்தச் சண்டையின் ஒரு பக்கத்தில் இருப்பது இந்த மனப்பாட அட்டவணைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாரன் வியந்ததோடு நிற்கவில்லை. அந்தப் பஞ்சாங்கக்காரருக்குக் கணக்கின் அடிப்படைக் கோட்பாட்டில் அக்கறை இல்லை என்றும் எழுதிவைத்தார். படிகள் தெரியும், ஏன் என்று தெரியாது. இன்றைக்கு கால்குலேட்டர் புரோகிராமைப் பற்றி கணக்கு டீச்சர் சொல்லும் புகார் எழுத்துக்கு எழுத்து இதேதான். புரோகிராம் தலைக்குள் இருந்தாலும் அந்தப் புகார் வரும் என்பது எனக்கு ஓர் ஆறுதல் :-)

சரி, இயந்திரத்துக்கு வருவோம்.

1974-ல் ஹியூலெட் பேக்கர்ட் கம்பெனி எச்பி-65 என்று ஒன்றை விட்டது. கையடக்கமாக இருந்து புரோகிராமையும் சேமிக்கக் கூடியதில் அதுதான் முதல். விலை 795 டாலர். அன்றைக்கு அது ஒரு பழைய காரின் விலை. 100 படிகள் எழுதலாம். ஆனால் சுவிட்சை அணைத்தால் எல்லாம் போய்விடும். அதனால் சூயிங்கம் தகடு அளவில் காந்த அட்டைகள் கொடுத்தார்கள். புரோகிராமை அட்டையில் பதிந்து பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம். அதாவது ஆரம்பத்தில் அழிவதுதான் இயல்பு, சேமிப்பதற்குத்தான் மெனக்கெட வேண்டும். 1976-ல் வந்த எச்பி-25சி அதை மாற்றியது. அணைத்தாலும் மெமரி நிற்கும். இன்றைக்குப் பரீட்சை அறையில் "கிளியர் பண்ணியாச்சா?" என்று கேட்கும் தேவை பிறந்தது அந்த வருஷத்தில்தான் என்று நான் சொல்வேன். தானே மறக்கும் இயந்திரத்தை யாரும் மறக்கச் சொல்ல வேண்டியதில்லை.

1985-ல் கேசியோவின் எஃப்எக்ஸ்-7000ஜி. கடையில் வாங்கக் கிடைத்த முதல் கிராஃபிங் கால்குலேட்டர். புரோகிராமுக்கு 422 பைட். டிஐ அந்தச் சந்தைக்கு 1990-ல் டிஐ-81 வழியாக வந்தது. சுமார் 2,400 பைட் மெமரி, வெளியே இணைக்க ஒரு துளைகூடக் கிடையாது. பக்கத்து சீட்டுப் பையனின் புரோகிராம் வேண்டுமென்றால் பார்த்துப் பார்த்துக் கையால் தட்ட வேண்டியதுதான். எங்கள் நோட்டு வைத்தியம் அப்போது இங்கேயும் ஓடியது.

1992-ல் டிஐ-85 வந்தபோது அடியில் ஒரு சின்ன இணைப்புத் துளை. இரண்டு கால்குலேட்டரை ஒரு கேபிளால் கோத்து புரோகிராமை அனுப்பலாம். என் கணக்கில் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் இதுதான். அதுவரை புரோகிராமைத் தட்டியவனுக்குக் குறைந்தபட்சம் அதைத் தட்டத் தெரியும். இப்போது எழுதியவன் ஒருவன், வைத்திருப்பவர்கள் முப்பது பேர். மேற்பார்வையாளரின் சந்தேகம் அதற்குப் பிறகுதான் நியாயமான சந்தேகம் ஆகிறது. இதற்குள் பரீட்சைகளும் மாறிக்கொண்டிருந்தன. எஸ்ஏடி தேர்வில் 1994 முதல் கால்குலேட்டருக்கு அனுமதி. ஏபி கால்குலஸ் தேர்வில் 1995 முதல் கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயம். வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு கெடுபிடி என்று நாம் நினைக்கும் எஸ்ஏடியும் ஏபியும் மெமரியை அழிக்கச் சொல்வதில்லை. அழிக்கச் சொல்வது பெரும்பாலும் மாநிலத் தேர்வுகளும் வகுப்புத் தேர்வுகளும்தான். டெக்சஸ் மாநிலத் தேர்வில் முன்னால் ஒரு முறை, முடிந்தபின் இன்னொரு முறை. பின்னால் எதற்கு என்றால், கேள்விகளை உள்ளே தட்டிக்கொண்டு வெளியே போய்விடக் கூடாது என்பதற்கு.

சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கையிடம் கேட்டால் அங்கே இன்னும் கண்டிப்பு. ஏ லெவல் எச்2 கணிதத்தில் 2007 தேர்விலிருந்து கிராஃபிங் கால்குலேட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் கேள்வியே அமைக்கிறார்கள். கூடவே, தேர்வுக்கு முன் ரீசெட்.

இப்போது 1999. டிஐ-83 பிளஸ். இதற்குள் இரண்டு அறைகள். ஒன்று ரேம், சுமார் 24 கிலோபைட். வேலை நடக்கும் மேசை மாதிரி. இன்னொன்று ஆர்க்கைவ் என்கிற ஃபிளாஷ் மெமரி, சுமார் 160 கிலோபைட். பூட்டிய பீரோ மாதிரி. புரோகிராமை ஆர்க்கைவுக்கு அனுப்பினால் அதன் பேருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி வரும். பேட்டரி செத்தாலும் போகாது. "ரேமை ரீசெட் செய்" என்று அழுத்தினாலும் போகாது. "எல்லாவற்றையும் ரீசெட் செய்" என்பது தனிப் பட்டியலில் இருந்தது. பல மேற்பார்வையாளர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மேசையைத் துடைத்துவிட்டு பீரோவைத் திறக்காமல் போய்விடுவார்கள். ரப்பரால் அழித்த பென்சிலும் போகாத பள்ளமும் உங்களுக்கு இப்போது ஞாபகம் வரலாம்.

பீரோவையும் திறக்கத் தெரிந்த டீச்சருக்காகப் பிள்ளைகள் கண்டுபிடித்தது போலி ரீசெட். ரீசெட் செய்தால் திரையில் என்ன வரிகள் வருமோ அதே வரிகளைக் காட்டும் ஒரு புரோகிராம். பார்க்கிறவருக்கு அழிந்த மாதிரி இருக்கும், உள்ளே ஒரு பைட்டும் நகர்ந்திருக்காது. ஆரம்ப காலத்துப் போலிகள் மாட்டிக்கொண்டது ஒரே ஒரு சொல்லால். பேசிக் புரோகிராம் ஓடி முடிந்தால் திரையின் வலது ஓரத்தில் "டன்" என்று தானாக வந்து நிற்கும். நிஜ ரீசெட்டில் அது வராது. அனுபவசாலி டீச்சர்கள் அந்த மூலையைத்தான் பார்ப்பார்கள். இன்னும் அனுபவசாலிகள் கால்குலேட்டரைக் கையில் வாங்கித் தாங்களே அழிப்பார்கள், அழித்தபின் எவ்வளவு இடம் காலி என்று மெமரித் திரையைத் திறந்து பார்ப்பார்கள்.

போலி ரீசெட் திருட்டு. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து உண்மையாகவே அழித்த பிள்ளையை ஏமாற்றுவது அது. ஆனால் பரீட்சைக்கு முதல் நாள் தன் புரோகிராம்களை வீட்டுக் கணினிக்கு மாற்றிவிட்டு, வகுப்பில் டீச்சர் சொன்னபடி முழுசாக அழித்து, சாயந்திரம் வீட்டுக்கு வந்து மறுபடி ஏற்றிக்கொள்வது திருட்டு இல்லை. மாமா மகன் நோட்டில் செய்தது அதுதான். நண்பரின் பையனுக்கு நான் சொல்ல விரும்பியதும் இவ்வளவுதான், அதற்குள் யாரோ கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆனால் இதில் ஒரு உறுத்தல் இருக்கிறது. என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது கவனித்தேன். அவளிடம் சொந்தமாக ஒரு டிஐ-84 பிளஸ். 2004-ல் வந்த அந்த மாடலில் யுஎஸ்பி இருந்ததால் கணினியில் சேமிப்பது சுலபம். (அதற்கு முன்பெல்லாம் கணினியில் இணைக்கும் கேபிளைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.) வகுப்பில் அழித்தால் அவள் தோளைக் குலுக்குவாள். சாயந்திரம் இரண்டு கிளிக், எல்லாம் திரும்பி வந்துவிடும். அவள் வகுப்பில் ஒரு மெக்சிகன் குடும்பத்துப் பையன் இருந்தான். அவனுக்குச் சொந்தக் கால்குலேட்டர் இல்லை. வகுப்புச் சுவரில் பை பையாகத் தைத்த துணி ஒன்று தொங்கும், அதில் நம்பர் ஒட்டிய பள்ளிக் கால்குலேட்டர்கள் இருக்கும். அவனுக்குப் பதினேழாம் நம்பர். அந்த வகுப்பில் உண்மையாகவே புரோகிராம் எழுதத் தெரிந்தவன் அவன்தான் என்று மகளே சொல்வாள். அவள் கால்குலேட்டரில் இருந்ததில் பாதி அவன் எழுதி கேபிளில் அனுப்பியது.

ஒவ்வொரு தேர்வுக்கும் பதினேழாம் நம்பர் அழியும். அடுத்த பீரியடில் அதே இயந்திரத்தை எடுக்கும் வேறு பிள்ளை இடம் போதவில்லை என்று அழித்தாலும் அழியும். அவன் மறுபடி முதலிலிருந்து தட்டுவான். கொஞ்ச நாளில் அவனும் ஒரு நோட்டுப் போட்டான். ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டு, பென்சிலில். மகள் அதை என்னிடம் சொன்னபோது எனக்கு சிரிப்பும் வந்தது, வேறு என்னவோ போலவும் இருந்தது. பாறசாலைப் பக்கத்தில் 1980-களில் கோடு போட்ட நோட்டுக்கு ஒரு காரணம் இருந்தது, ஊரிலேயே ஒரு கணினிதான் இருந்திருக்கும், அதுவும் இருந்திருந்தால். டிஐ தலைமையகத்திலிருந்து கார் போகும் தூரத்தில் அதே நோட்டு எதற்கு?

அறையில் இருக்கும் முப்பது பேருக்கும் டீச்சர் கொடுக்கும் உத்தரவு ஒன்றுதான். பார்க்க எவ்வளவு சமமாக இருக்கிறது! ஆனால் வீட்டில் கணினியும் கேபிளும் வைத்திருப்பவனுக்கு அது ஒரு மணி நேரம் கதவை மூடுவது மாதிரி. இரவல் கால்குலேட்டர் வைத்திருப்பவனுக்கு வீட்டையே இடிப்பது மாதிரி. மகள் பிறகு என்ன செய்தாள் என்றால், வெள்ளிக்கிழமை தோறும் அவனிடமிருந்து கேபிளில் வாங்கி, எங்கள் வீட்டுக் கணினியில் அவன் பேருக்கு ஒரு கோப்புறை போட்டு வைத்தாள். பரீட்சை முடிந்த அன்று திருப்பி அனுப்புவாள். அந்தக் கோப்புறை இரண்டு கணினி மாறி இன்னும் என்னிடம் இருக்கிறது. திறந்து பார்த்தேன். முக்கோண விடை காணும் புரோகிராம் ஒன்று நிஜமாகவே அழகு. இன்று என் அலுவலகத்தில் சிலர் எழுதுவதைவிட நன்றாக இருக்கிறது.

கம்பெனிகளும் கடைசியில் அழிப்பதை விட்டுவிட்டு மறைப்பதற்கு மாறின. டிஐ-84 பிளஸ் குடும்பத்தில் பிறகு 'பிரஸ் டு டெஸ்ட்' என்ற ஏற்பாடு சேர்ந்தது. அணைத்த நிலையில் இடது அம்பு, வலது அம்பு, ஆன் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புரோகிராம்களும் ஆப்களும் தற்காலிகமாக முடங்கும். தேர்வு முடிந்து கேபிளில் இணைத்தால் திரும்பி வரும். பின்னால் வந்த மாடல்களில் தேர்வு நிலையில் இருக்கும்போது ஒரு சின்ன விளக்கு கண் சிமிட்டும். மேற்பார்வையாளர் அறையின் பின்னால் நின்றே எண்ணிவிடலாம். பிரான்சில் பாக் தேர்வுக்கு அந்த விளக்கையே கட்டாயமாக்கி 2015-ல் சுற்றறிக்கை விட்டார்கள். 2018 என்று சொன்னது தள்ளித் தள்ளிப் போனது. லா ஷப்பல் பக்கம் இருந்து படிக்கும் நண்பர்களின் வீட்டில் அந்த விளக்கு சிமிட்டிப் பார்த்திருப்பார்கள்.

மறைப்பதற்கும் சாவி உண்டு, சாவிக்கும் கள்ளச்சாவி உண்டு. 2009 கோடையில் டிஐ-83 பிளஸ் தன் இயங்குதளத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய 512 பிட் சாவியை ஒரு ஆர்வலர் உடைத்தார். வீட்டுக் கணினியில் எழுபது நாளுக்கு மேல் ஓடவிட்டு உடைத்தது. அதைப் பார்த்து மற்றவர்கள் கூடி மற்ற மாடல்களின் சாவிகளையும் உடைத்தார்கள். டிஐ வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது, எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் ஆர்வலர்கள் பக்கம் நின்றது. சொந்த இயங்குதளத்தையே ஏற்ற முடியும் என்றால் எந்த ரீசெட்டையும் எந்த விளக்கையும் நம்ப முடியாது. தேர்வு நிலையை ஏமாற்றும் வழிகள் வெளியே வந்ததும் 2020-ல் டிஐ-84 பிளஸ் சிஇ மாடலின் புதிய இயங்குதளத்தில் அசெம்பிளி புரோகிராம்களையே ஓடவிடாமல் நிறுத்திவிட்டார்கள். யாரோ சிலர் செய்த திருட்டுக்கு, அதில் விளையாட்டு எழுதி சி மொழி கற்றுக்கொண்டிருந்த பிள்ளைகளின் வேலை போயிற்று. அதுவும் ஒரு வகை மெமரி கிளியர்தான், இந்த முறை முழு உலகத்துக்கும் சேர்த்து.

நம் ஊரில் இந்தச் சண்டையே வரவில்லை, ஏனென்றால் இயந்திரத்தையே உள்ளே விடவில்லை. பிளஸ் டூ கணக்குத் தேர்வுக்கும் ஐஐடி நுழைவுத் தேர்வுக்கும் கால்குலேட்டர் இல்லை. என்ஜினியரிங் பிள்ளைகளிடம் இருக்கும் கேசியோ எஃப்எக்ஸ்-991 வகைகளில் புரோகிராம் எழுத இடமில்லை. அதனால்தான் அது உள்ளே போகிறது. கேட் தேர்வில் கால்குலேட்டர் கணினித் திரையிலேயே வந்துவிட்டது. இங்கேயும் அதே திசைதான். அமெரிக்காவில் 2024 முதல் எஸ்ஏடி முழுக்கக் கணினியில் நடக்கிறது, திரைக்குள்ளேயே டெஸ்மாஸ் கால்குலேட்டர் இருக்கிறது. சொந்தக் கால்குலேட்டரும் கொண்டு வரலாம், ஆனால் அது இல்லாத பிள்ளைக்கும் திரையில் ஒன்று கிடைத்துவிடும். பதினேழாம் நம்பர் பையனுக்கு அது ஒரு நியாயம். ஆனால் அவன் அந்த நோட்டையும் எழுதியிருக்க மாட்டான் என்று தோன்றுவதையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை.

கடைசியாக, இன்னும் டிஐ வைத்திருக்கும் வீடுகளுக்கு. ஆர்க்கைவை நம்பி இருக்காதீர்கள். முழு ரீசெட்டில் அதுவும் போகும். டிஐ-84 பிளஸ் சிஇ என்றால் டிஐ கனெக்ட் சிஇ என்ற மென்பொருள் இலவசம். மாதம் ஒரு முறை புரோகிராம்களை இழுத்துக் கணினியில் ஒரு கோப்புறையில் போட்டால் போதும், ஐந்து நிமிஷ வேலை. சொந்தக் கால்குலேட்டர் இல்லாத பிள்ளை உங்கள் மகன் மகளோடு படித்தால் அந்தப் பிள்ளைக்கும் ஒரு கோப்புறை போடச் சொல்லுங்கள். கேபிள் காணவில்லை என்றால் புதிது வாங்காதீர்கள். அது மினி யுஎஸ்பிதான். பழைய டிஜிட்டல் கேமரா டப்பாவில் தேடிப் பாருங்கள், நிச்சயம் ஒன்று இருக்கும்.